தீர்த்தத்துக்குத் தாமிரம்; நந்தவனத்துக்கு?

செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றில், பல்லவர் காலக் குடைவரையில், ஒரே பாறையில் வடிக்கப்பெற்ற திருமேனியுடன் பள்ளிகொண்டிருக்கிறார் அரங்கநாதர். ராஜா தேசிங்கு போருக்கு விடைபெற வந்தபோது பெருமாள் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. 1714இல் அம்மன்னன் போர்க்களத்தில் மடிந்தான்.

பாறையும் செம்மண்ணும் நிறைந்த இவ்வட்டாரத்தில் துளசியும் நந்தியாவட்டையும் வளர்ப்பது எளிய தொண்டன்று. கோடையில் பாறைகள் கக்கும் வெப்பத்தில் மேல்மண் விரைவில் காய்ந்து இறுகிவிடும். இத்தகைய மண்ணுக்குச் செம்பினாலான மண்வெட்டியும் களைக்கொத்தும் உயிரூட்டும் என்றொரு கருத்து இப்போது பரவி வருகிறது. தாமிரத்தைத் தெய்வ காரியத்துக்குரிய உலோகமாகப் போற்றும் நம் பெரியோர்களை அது எளிதில் கவர்ந்துவிடுகிறது. கோயில் நந்தவனத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாயிற்றே என்று நினைப்போரும் உண்டு.

இக்கருத்தின் மூலவர் ஆஸ்திரிய நாட்டு வனக் காவலர் விக்டர் ஷௌபெர்கர் (1885–1958). இரும்புக் கலப்பை மண்ணின் ஈரத்தைக் கெடுக்கிறது, அது விட்டுச் செல்லும் துரு நிலத்தை வறட்சியாக்குகிறது, செம்பு அவ்வாறு செய்யாது என்பது அவர் கொள்கை. அறிவியல் உலகம் இதை ஏற்கவில்லை. செஞ்சியில் நின்று பார்த்தாலே இதன் பலவீனம் புலப்படும். செம்மண்ணின் செந்நிறமே இரும்புத் துருவின் நிறந்தான்! துருவிலேயே தோய்ந்து கிடக்கும் நிலத்துக்கு மண்வெட்டி உதிர்க்கும் துகளால் என்ன தீங்கு நேர்ந்துவிடும்?

செம்புக் கருவியிலிருந்து மண்ணுக்கு வரும் சத்தும் அவ்வாறே சொற்பம். ஒரு சென்ட் நிலத்தில் அரை அடி ஆழத்துக்குரிய மண் ஏறத்தாழ எட்டு டன் இருக்கும். கருவி தேய்ந்து ஐந்து கிராம் செம்பு அதில் கலந்ததாகவே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூடச் சேராது. பயிருக்குச் செம்பு நுண்ணளவில் தேவைதான். ஆனால் பெரும்பாலான மண்ணில் இயல்பாகவே இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. துருப்பிடிக்காது என்பது செம்புக் கருவியின் மெய்யான சிறப்பு. ஆயினும் தனிச்செம்பு மென்மையானது. வெள்ளீயம் கலந்து வெண்கலமாக்கினாலும் செஞ்சியின் சரளைக்கற்களில் இரும்பைப்போல் முனை நிற்காது.

தீர்த்தச் செம்பின் மகிமை வேறு வகையைச் சேர்ந்தது. செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா, டைபாய்டு முதலிய நோய்க்கிருமிகள் மடிந்ததை 2012இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. நீரிலுள்ள கிருமியைக் கொல்வது அங்கே நன்மை. மண்ணிலோ கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் மண்புழுக்களுமே விளைச்சலின் வேர். பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 1885 முதல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பூஞ்சைநோய்க்குத் தெளித்து வந்தார்கள். பல்லாண்டுகளில் செம்பு மண்ணில் தேங்கி, மண்புழுக்கள் குன்றின. கிருமியைக் கொல்லும் குணம் மண்ணுக்குள் மிகுந்தால் வரமாக இராது.

ஆகவே இல்லங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஜைச் செம்பைப் புளியிட்டுத் துலக்கும்போது களிம்பு கரைந்து வருகிறது. அந்த நீரைப் புனிதம் என்றெண்ணித் துளசி மாடத்தில் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. மாடத்தில் மண்ணோ கொஞ்சம். நாள்தோறும் சேரும் செம்புக்குப் போக்கிடம் இல்லை. கழுவிய நீரைத் தவிர்த்து, தூய நீரையே துளசிக்கு வார்ப்பது நலம்.

அடியார்கள் எதைக் கொண்டு தொண்டு செய்தார்கள்? பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் அவதரித்த அப்பர் பெருமான் ஏந்தியது உழவாரப்படை. கோயில்களில் புல் செதுக்கிய கருவி அது. ராமாநுஜரின் சீடர் அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனத்துக்காக ஏரி வெட்டிய கடப்பாரை இன்றும் ஏழுமலையான் கோயில் நுழைவாயிலில் தொங்குகிறது. இதே செஞ்சி–விழுப்புரம் வட்டாரத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமிதம் கொள்கிறான். பாறையைக் குடைந்த உளி மட்டும் உலோகந்தான்!

செம்புக் கருவிக்குச் செலவிட எண்ணும் பணத்தை மட்கு உரத்துக்குச் செலவிடலாம். கோயிலில் களையும் நிர்மால்ய மாலைகளே நல்ல மூலப்பொருள். நூல், ஜரிகை, நெகிழித்தாள் ஆகியவற்றை நீக்கி, இலைச் சருகும் சாணமும் கலந்து, ஈரம் காய்ந்துபோகாமல் நிழலில் குவித்து வைத்தால் சில மாதங்களில் மட்கிவிடும். அதைச் செடியடியில் இட்டு, மேலே சருகு மூடாக்குப் போட்டால் செஞ்சியின் கோடையிலும் வேருக்குக் குளிர்ச்சி நிற்கும்; மண்புழுக்கள் தாமே வந்து சேரும். வீட்டிலிருக்கும் பழைய இரும்பு மண்வெட்டியே போதும். வேலை முடிந்ததும் மண் போகக் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி நிழலில் சாய்த்து வைத்தால் துருவேறாது.