இணைய இணைப்பில்லா வரைபடங்களும் முகாமிடம் தேடலும்

பயணத்தின்போது கூடாரம் அமைத்து இரவு தங்கத் தகுந்த இடம் முகாமிடம் எனப்படும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவற்றுள் பல குடிநீர், கழிப்பறை, எண்ணிட்ட மனை ஆகியவற்றோடு கட்டணத்துக்கு விடப்படுகின்றன. அங்குள்ளோரின் தேவைக்காக உருவான செயலிகளில் முகாமிடம் தேடுவது விடுதி தேடுவது போன்றதுதான். தமிழ்நாட்டில் அதே செயலியைத் திறந்தால் கிடைப்பவை பெரும்பாலும் கூடாரம் வைத்திருக்கும் தனியார் ஓய்வில்லங்கள், வண்டி நிறுத்த இடந்தரும் பெட்ரோல் பங்குகள், யாரோ ஒருவர் என்றோ தங்கிச் சென்ற ஓடைக்கரைகள் ஆகியவையே. எனவே இங்கு முகாமிடம் தேடுவதில் இடத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அங்கே தங்க அனுமதி உண்டா, தங்கினால் ஆபத்து உண்டா என்று அறிவது மறுபாதி. செயலிகள் முதற்பாதியை நன்றாகவும் இரண்டாம் பாதியை மிகக் குறைவாகவும் செய்கின்றன.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்கள் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையும், அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் சி.டி.எச். சாலையும் மேற்கே பிரிகின்றன. வார இறுதியில் இருசக்கர வண்டியில் கிளம்பும் இளைஞர்கள் பூண்டி நீர்த்தேக்கம், குடியம் குகைகள், ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள நாகலாபுரம் மலை ஆகியவற்றை இச்சாலைகள் வழியே அடைகின்றனர்.

இணையமின்றி இயங்கும் முறை

கைப்பேசியில் இருப்பிடம் அறிதலும் வரைபடம் காட்டலும் இருவேறு வேலைகள். ஏறத்தாழ 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகைகளைக் கைப்பேசி கேட்டு, அவை வந்து சேர்ந்த நேர வேறுபாட்டிலிருந்து தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு சிம் அட்டையோ இணையமோ தேவையில்லை. இணையம் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே உள்ளது என்ற விவரம் உடனே கிடைப்பதால் முதல் கணிப்பு விரைவாகும். இல்லாவிட்டால் சில நிமிடங்கள் பிடிக்கலாம். இரு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்த ஓடைப் பள்ளத்தில் வானம் குறுகிவிடுவதால் நீலப்புள்ளி இடம் மாறித் தாவும். அப்போது புள்ளியை நம்பி நடப்பதைவிட வெளியான ஓரிடத்தில் சிறிது நேரம் நிற்பது நல்லது.

வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் தரவைப் பயன்படுத்துகின்றன. இது விக்கிப்பீடியாவைப் போலத் தன்னார்வலர்கள் தொகுக்கும் வரைபடம். இச்செயலிகள் சாலைகளைப் படமாகச் சேமிக்காமல் புள்ளிகளாகவும் குறிச்சொற்களாகவும் சேமிப்பதால், மாநிலம் முழுவதும் ஒரு திரைப்படத்தைவிடக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். ஆனால் கோப்புகள் மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்பதை மறக்கக் கூடாது. ஆவடியிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் செல்பவர் தமிழ்நாட்டுக் கோப்பை மட்டும் வைத்திருந்தால், சுருட்டப்பள்ளிக்கு முன்பே விவரமான வரைபடம் முடிந்துவிடும். ஆந்திரப் பிரதேசக் கோப்பும் தேவை. அது இல்லை என்பது தெரியவரும் இடத்தில் பெரும்பாலும் அதை இறக்கத் தேவையான இணையமும் இருக்காது.

கூகுள் மேப்ஸிலும் ஒரு பரப்பைத் தேர்ந்து இறக்கிக்கொள்ளலாம். எனினும் இணையமற்ற நிலையில் அது வண்டிக்கான வழியை மட்டுமே காட்டும், நடைவழி காட்டாது. தார்ச்சாலை வரை அதுவும், அதன் பிறகு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செயலி ஒன்றும் எனப் பலர் இரண்டையும் வைத்துக்கொள்வது இதனால்தான்.

குறிகளைப் படித்தல்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முகாமிடத்துக்கெனத் தனிக் குறிச்சொல் உண்டு. கூடாரப் படமாகத் திரையில் தெரிவது அதுவே. குடிநீர், ஊற்று, நிழற்குடை, மாட்டுவண்டித் தடம், ஒற்றையடிப் பாதை ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. மேற்குப் புறநகர்ப் பகுதியில் கூடாரப் படம் அரிது என்பதால் அனுபவமுள்ளோர் அதைத் தேடுவதில்லை. நீர், மேடான சமதளம், வண்டித் தடத்தின் முடிவு, அருகிலுள்ள ஊர் ஆகிய நான்கும் சேரும் இடத்தைத் தேடுகின்றனர். சமதளத்தை அறியச் சமவுயரக் கோடுகள் உதவும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு, விலகியிருந்தால் சமதளம். இவை பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் எடுத்த உயர அளவீட்டிலிருந்து பெறப்பட்டவை. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் அளவு என்பதால் சிறு பள்ளங்களும் பாறை விளிம்புகளும் அதில் தெரியா.

ஐஓவர்லேண்டர் போன்ற செயலிகள் வேறு வகையானவை. நெடும்பயணம் செல்வோர் தாம் தங்கிய இடத்தை ஆயத்தொலைவு, தேதி, குறிப்பு ஆகியவற்றோடு அதில் பதிகின்றனர். இங்கு முதலில் பார்க்க வேண்டியது பதிவின் தேதி. ஐந்தாண்டுக்கு முன் "அமைதியான இடம்" எனக் குறிக்கப்பட்ட சென்னைப் புறநகர்ப் பொட்டல் இன்று மனைப்பிரிவாகவோ கிடங்காகவோ மாறியிருக்கக்கூடும்.

வெற்றிடமாகத் தெரிபவை

வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிவதெல்லாம் தங்கத்தக்க இடமல்ல. ஆவடியைச் சுற்றிக் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் முதலிய பாதுகாப்புத் துறை நிலங்கள் உள்ளன. மரங்கள் அடர்ந்து ஆளற்றவையாகத் தோன்றும் இப்பரப்புகள் வெளியாருக்குத் தடைசெய்யப்பட்டவை. அவற்றின் எல்லைக்கு வெளியேகூடக் கூடாரம் அடிப்பது தேவையற்ற விசாரணையை வரவழைக்கும்.

இரண்டாவது, ஏரிகள். கோடையில் வற்றிய ஏரிப்படுகை செயற்கைக்கோள் படத்தில் அழகான புல்வெளியாகத் தெரியும். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியும், 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும் சென்னையின் குடிநீர் ஆதாரங்கள். அவற்றின் நீர்ப்பரப்பு பருவத்துக்குப் பருவம் பெருமளவு மாறும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. அப்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல், நீர் புகுந்த தெருக்களை மக்களே குறித்த வெள்ள வரைபடம் ஒன்று இணையத்தில் இயங்கியது. அன்று நிறம் மாறிய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு, வரைபடத்தின் நீலக்கோடு ஆற்றின் ஒரு நாள் நிலை மட்டுமே என்பது விளங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை உபரிநீர்க் கால்வாய், கலங்கல், ஆற்றுமணல் திட்டு எதிலும் இரவு தங்குவது தகாது.

மூன்றாவது, காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். வரைபடத்தில் பச்சைப் பரப்பின் நடுவே ஒற்றையடிப் பாதை புள்ளிக்கோடாக ஓடுவது, அங்கே பாதை இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. விறகு பொறுக்குபவரும் ஆடு மேய்ப்பவரும் நடந்த தடத்தை யாரோ பதிந்திருக்கலாம். அதில் நடக்க உரிமை உண்டு என்று அக்கோடு சொல்லவில்லை.

குரங்கணியும் அதன் பின்னும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்து சென்ற குழுவினரும் அதில் சிக்கினர். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழி மலையேறுவோர் நன்கறிந்த ஒன்று. மார்ச் மாதத்தில் அவ்வழியின் புல் எவ்வளவு உலர்ந்திருக்கும், காற்று எப்பக்கம் வீசும் என்பது எந்த வரைபடக் கோப்பிலும் இல்லை. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது.

2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தப்பட்டு, இணையவழி முன்பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடும் திறக்கப்பட்டன. காட்டுத்தீக் காலத்தை ஒட்டி 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இப்பாதைகள் மூடப்பட்டன. திருவள்ளூர் மாவட்டத்தில் இதில் இடம்பெற்றது குடியம் குகைப் பாதை.

முகாமிடம் என்ற சொல்லுக்குக் குடியம் தனிப் பொருத்தம் உடையது. பூண்டிக்கு அருகிலுள்ள இப்பாறைக் குடைவுகளிலும் அதையடுத்த அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்கால மனிதர் புழங்கியுள்ளனர். அத்திரம்பாக்கக் கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என 2011-இல் கணிக்கப்பட்டது. பாறை நிழல், அருகே ஆறு, கருவி செய்யக் கூழாங்கல் எனத் தங்குமிடத் தேர்வு அன்றே நடந்திருக்கிறது. இன்று அங்கே பகலில் நடந்து திரும்பலாம். இரவு தங்க விரும்புவோர் பூண்டி, திருவள்ளூர் பக்கம் விடுதியையோ, உரிமையாளர் சம்மதித்த தோப்பையோ நாடுவதே வழி.

நாகலாபுரம் ஆந்திர வனத்துறையின் கீழ் வருவதால் தமிழ்நாட்டு முன்பதிவு அங்கே செல்லாது.

தனியார் முகாம்களிலும் உரிமத்தைக் கேட்பது அவசியம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் ஓய்வில்லம் ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். கூடாரத் தங்கலுக்கு அந்த இல்லம் உரிமம் பெறவில்லை எனப் பின்னர் தெரியவந்தது. செயலியில் கிடைக்கும் நட்சத்திர மதிப்பீடு இதைக் காட்டாது.

புறப்படுமுன்

கோப்புகளை இறக்கியபின் வீட்டிலேயே கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் அந்நிலையிலும் ஜி.பி.எஸ். இயங்கும், மின்கலமும் நீடிக்கும். தங்குமிடம், கடைசித் தார்ச்சாலை, கடைசி ஊர் ஆகிய மூன்றின் ஆயத்தொலைவுகளையும் தாளில் எழுதி ஒரு பிரதியை வீட்டில் கொடுப்பது நல்லது. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடத்தைக் குறிக்கலாம், இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகும். அவசர எண் 112. கைப்பேசியில் தம் நிறுவனத்தின் குறிகை இல்லாதபோதும் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் இவ்வழைப்பு செல்லக்கூடும்.

வெளிநாட்டுக் கையேடுகள் பரிந்துரைக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளை இங்கே பின்பற்றக் கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். பையில் அக்கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டுள்ளனர்.

திரும்பியபின் கண்டதைப் பதிவது அடுத்தவருக்கு உதவும். வறண்ட ஊற்று, பூட்டிய வாயில், புதிதாக வந்த வேலி ஆகியவற்றை ஆர்கானிக் மேப்ஸிலிருந்தே குறிப்பாக அனுப்பலாம். ஊர்ப்பெயர்கள் பல ஆங்கில எழுத்தில் மட்டுமே உள்ளதால் தமிழ்ப் பெயரைச் சேர்ப்பதும் பயனுள்ள பணி. இருட்டில் வழி கேட்கும்போது ஊர்க்காரர் சொல்லும் பெயரும் திரையில் தெரியும் பெயரும் ஒன்றாக இருந்தால் போதும், பாதி அலைச்சல் குறையும்.