டர்போ டீசல் காருக்கு ஒரு நிமிட ஓய்வு!

சாரல் காலத்தில் தென்காசி–குற்றாலம் சாலையில் கார்களுக்குப் பஞ்சமில்லை. மாருதி ஸ்விப்ட் டீசல் காரில் 2007 முதல் 2020 வரை வந்த பியட் என்ஜின் 1,248 சி.சி.; நான்கு சிலிண்டர்.

வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அதுதான் டர்போ! நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதற்கு ஆயில்தான் உயிர். செங்கோட்டை மலைப்பாதை ஏறி நின்றதும் என்ஜினை அணைத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இல்லையேல் சூட்டில் ஆயில் கருகி, பேரிங் கெடும்.

கரும்புகை, இழுவைக் குறைவா? டர்போவை மாற்றுமுன் ஏர் பில்டரையும் காற்றுக் குழாயையும் பாருங்கள். பெருஞ்செலவு மிச்சமாகலாம். நீலப்புகையா? ஆயில் எரிகிறது, ஜாக்கிரதை! உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நீர் புகுந்திருந்தால் என்ஜினே உடைந்துவிடும்!