அந்தச் சத்தியத்தை நான் செய்வதில்லை

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ், அப்பதான் சொல்லுவேன்.”

அரியலூர், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஆற்றுப்படுத்துநராகப் போய்வரும் எனக்கு இது பழகிய பேச்சு. அந்தச் சத்தியத்தை நான் செய்வதில்லை. “உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட நான் சொல்லியாகணும்டா. ஆனா யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்” என்பேன். சில பிள்ளைகள் எழுந்து போய்விடும். அடுத்த வாரம் அதே பிள்ளைகள் வந்து கதவோரம் நிற்கும். பொய்ச் சத்தியம் செய்து பேச வைப்பதைவிட, காத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் விடுதிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் தொடர்பான வழக்கில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

“நல்லா விசாரிச்சுட்டு அப்புறம் பாப்போம்மா, ஸ்கூல் பேரு என்னாவுறது?” என்று பெரியவர்கள் தயங்குவார்கள். விசாரிப்பது என் வேலை இல்லை. ஆளாளுக்குத் துருவினால் பிள்ளை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும். எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் அதைத்தான் பிடித்துக்கொள்வார். “மாமா கெட்டது பண்ணுச்சு” என்று பிள்ளை சொன்னால், தேதியும் நேரமும் போட்டு அதையே எழுதுகிறேன். ‘பாலியல் சீண்டல்’ என்று மாற்றுவதில்லை.

போலீஸ் என்றதும் பிள்ளைக்கு உடம்பெல்லாம் நடுங்கும். அதனால் சட்டம் பிள்ளைக்குத் தரும் உரிமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவேன். காக்கிச் சட்டை இல்லாமல்தான் வருவார்கள், கூடியவரை பெண் அதிகாரியாக இருப்பார், வீட்டிலோ நீ கேட்கிற இடத்திலோ பேசலாம், நீ நம்புகிற ஆள் பக்கத்தில் இருக்கலாம், ராத்திரி ஸ்டேஷனில் வைக்க மாட்டார்கள்.

ஆனாலும் மனசு கனக்கும் இடங்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் அப்பா வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பார், அம்மா முந்திரிக்காட்டு வேலைக்குப் போயிருப்பார். சோறு போடுகிற உறவுக்காரனே கை வைத்தால், புகார் போன அன்றைக்கு அந்தப் பிள்ளை எங்கே தூங்கும்? அதற்கு விடை தெரியாமல் தகவலை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது எனக்குப் பொறுப்பாகத் தோன்றவில்லை. போலீசுக்குச் சொல்லும் அதே நேரத்தில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பேசி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு வழியாகத் தங்குமிடம் கேட்கிறேன். சந்தேகத்துக்குரிய ஆள் வீட்டிலேயே இருந்தால் வீட்டுக்கு முதலில் போன் செய்யவே மாட்டேன். செய்தால் சாயங்காலத்துக்குள் பிள்ளையின் வாயை அடைத்துவிடுவார்கள்.

இன்னொரு சங்கடம், பதினேழு வயதுக் காதல். அது உடலுறவு வரை போயிருந்தால், விருப்பத்தோடு நடந்ததென்றாலும் நான் சொல்லியாகவேண்டும். இளவயதினர் ஒருவரை ஒருவர் விரும்பிப் பழகுவதைக் குற்றமாக்குவது போக்சோவின் நோக்கம் இல்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அவள் பெயரை வெளியிடாமலே தகவல் தரலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த வழி இல்லை. சட்டம் இங்கே திருந்த வேண்டும் என்பதுதான் என் கருத்து.

பெல்ட் தழும்போடு வரும் பையன் விஷயத்தில் சட்டம் என்னை இந்த அளவுக்கு நெருக்கவில்லை. அடித்துக் கொடுமைப்படுத்துவது சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. காயம் புதிதா, முன்பும் நடந்ததா, இன்று வீட்டுக்குப் போக அவன் பயப்படுகிறானா என்று பார்க்கிறேன். பயப்படுகிறான் என்றால் நாளைவரை காத்திருப்பதில்லை.

அம்மா சம்மதிக்கும்வரை பொறுக்கலாமா என்று ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் டீச்சர், 1098க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.