சொகுசு வண்டியின் முதற்படி

நால்வர் அமர்ந்து செல்ல ஒரு மோட்டார் வண்டி வேண்டும். அந்நால்வரை ஒரே பாதையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிகள் பல குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. அங்ஙனமிருக்க, அவற்றினும் பன்மடங்கு பொருள் கொடுத்து, பின்னாசனத்தில் இடமும் தாராளமாயில்லாத ஒரு வண்டியைச் சிலர் விரும்பி வாங்குவதேன்? பெருமைக்காக என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடை முற்றும் பொய்யுமன்று. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால் பௌதிக நூல் கற்கும் நம் மாணவர்க்குச் சுவையளிக்கக்கூடிய பகுதி முழுவதும் விடுபட்டுப் போகும். நம் ஆசிரியர்களுள் எவரேனும் இதனை வாங்கக்கூடும் என்று கருதி நாம் இதனை எழுதவில்லை என்பதையும் முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

சொகுசு வண்டிகளைச் செய்யும் கம்பெனிகள் தம் பெரிய வண்டிகளுக்குக் கீழே சிறியதொன்றையும் செய்து வைப்பதுண்டு. அதன் விலை அக்கம்பெனியின் அளவில் குறைவு. நம் போன்றோர் அளவில் மிக அதிகம். அதனிடத்துப் பந்தய வண்டியின் சுறுசுறுப்பும் குடும்ப வண்டியின் அடக்கமும் ஒருங்கே அமைந்திருப்பின், அதனை ஸ்போர்ட் செடான் என்பர். 1982-இல் வந்த மெர்ஸிடிஸ் 190, 1994-இல் வந்த ஆடி ஏ 4 ஆகியன இவ்வகையின. எனினும் இவற்றிற்கெல்லாம் அளவுகோலாக வைத்துப் பேசப்படுவது ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரத்துப் பி. எம். டபிள்யூ. கம்பெனியாரின் 3 வரிசையேயாம்.

இவ்வண்டி பிறந்தது செல்வச் செழிப்பிலன்று. 1950-களில் அக்கம்பெனி எட்டு சிலிண்டர் பூட்டிய பெரிய வண்டிகளைச் செய்துவந்தது. அவற்றை வாங்குவோர் சிலர். மற்றொருபுறம், மோட்டார் ஸைக்கிள் இயந்திரத்தால் ஓடுவதும், முட்டை வடிவினதும், முகப்பே கதவாகத் திறப்பதுமான இஸெட்டா என்னும் சிறு வண்டியைச் செய்தது. அதில் வருவாய் சொற்பம். இவ்விரண்டிற்கும் நடுவே நடுத்தர மக்கள் வாங்கத்தக்கது எதுவுமில்லை. கடன் முற்றி, 1959-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி கூடிய பங்குதாரர் கூட்டத்தில் கம்பெனியை டெய்ம்லர்-பென்ஸ் வசம் ஒப்படைக்கும் யோசனை வந்தது. சிறு பங்குதாரரும் விற்பனையாளரும் அதனை எதிர்த்து நின்றனர். பின்னர் ஹெர்பர்ட் குவாண்ட் என்பார் தம் பொருளை மேலும் இட்டு அதனைக் காத்தார். 1961-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பெற்ற 1500 என்னும் வண்டிதான் அந்த நடுவிடத்தை நிரப்பியது.

அதன் இயந்திரத்தை அமைத்தவர் அலெக்ஸ் பான் பால்கன்ஹௌஸன். தாமே பந்தயங்களில் வண்டி ஓட்டியவர். இயந்திரம் பின்னாளில் பெருக்கப்படலாம் என்று கருதி அதற்குத் தக்க உறுதியோடு அமைத்தார். 1966-இல் இரண்டு கதவுகளோடு சிறியதொரு வண்டி வெளிவந்தது. அதன் 1600 கன சென்டிமீட்டர் இயந்திரத்தை எடுத்துவிட்டு, இரண்டு லிட்டர் இயந்திரத்தைத் தம் சொந்த வண்டியில் பொருத்தி அவர் ஓட்டிவந்தார். அதே கம்பெனியிலிருந்த ஹெல்முட் வெர்னர் பான்ஷ் என்பாரும் ஒருவருக்கொருவர் அறியாமலே அதே காரியத்தைச் செய்திருந்தார் என்பது வேடிக்கை. அமெரிக்காவில் விற்பனை நடத்திய மாக்ஸ் ஹாப்மனும் விசை மிகுந்த வண்டி வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வாறு 1968-இல் பிறந்தது 2002 என்னும் பெயர் பெற்ற வண்டி. நூறு குதிரைச் சக்தி; எடையோ ஏறக்குறைய ஆயிரம் கிலோ. வேலை செய்வோர் இருவர் தம் ஆசைக்காகத் தாமே செய்துகொண்ட பொருள் என்பது அதன் ஓட்டத்தில் தெரிந்தது போலும். 1975-இல் அதன் இடத்திற்கு வந்ததே முதல் 3 வரிசை.

இனி அமைப்பைக் காண்போம். டயர் தரையைப் பற்றும் பிடிக்கு ஓர் எல்லையுண்டு. அப்பிடியைக் கொண்டே வண்டி முன்செல்லவும், வளையவும், நிற்கவும் வேண்டும். இக்காலத்துச் சிறு வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் இயந்திரம் முன்சக்கரங்களையே சுழற்றுகின்றது. அதனால் செலவு குறைகின்றது. உள்ளே இடமும் மிஞ்சுகின்றது. ஆனால் இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் அச்சக்கரங்களின் தலையிலேயே விழுகின்றன. வளைவில் வேகத்தை முடுக்கினால் வண்டி திரும்ப மறுத்து வெளிப்புறமாக விலகிச்செல்லும். 3 வரிசையில் இயந்திரம் முன்னே நெடுக்காக வைக்கப்பெற்று, அதன் சக்தி ஒரு நீண்ட தண்டின் வழியே பின்சக்கரங்களுக்குச் செல்வதே பெருவழக்கு. முன்சக்கரங்கள் திருப்புவதை மட்டும் கவனித்துக்கொள்ளும். முடுக்குங்கால் வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், உந்தும் சக்கரங்களின் பிடியும் அப்பொழுதே மிகுகின்றது.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். இவ்வண்டியிலும் அதே கணக்குத்தான். முன்சக்கரங்களை இயன்றவரை முன்னே தள்ளி, இயந்திரத்தைப் பின்னே ஒதுக்கி, சில மாதிரிகளில் பாட்டரியைக்கூடப் பின்பெட்டியில் வைத்து, முன்னும் பின்னும் பாரம் ஏறத்தாழச் சரிபாதியாக நிற்கும்படி செய்துள்ளனர். இதன் பயனை அட்டவணையில் காண இயலாது. வளைவொன்றில் ஸ்டீரிங் சக்கரத்தைச் சிறிது திருப்பினால், வண்டி தன் நடுவைச் சுற்றித் தயக்கமின்றித் திரும்புவதைச் செலுத்துவோர் தம் கையாலும் இடுப்பாலும் உணர்வர். 1975-ஆம் ஆண்டு வண்டியிலேயே முகப்புப் பலகையைச் செலுத்துவோர் பக்கமாகச் சற்றே சாய்த்து வைத்தனர். எவருக்காக இவ்வண்டி செய்யப்பட்டது என்பதை அச்சாய்வே கூறிவிடுகின்றது.

குறையும் உண்டு. பழைய மாதிரிகளில் மழை பெய்த சாலையில், வளைவின் நடுவே அஞ்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்புறம் வெளியே வீசிப்போகும். பழகியவர்க்கு அது விளையாட்டு; பழகாதவர்க்கு விபத்து. 1990-இல் பின்சக்கரங்களின் தாங்கியை மாற்றியமைத்த பிறகே இக்குணம் பெரிதும் அடங்கியது. பிற்கால மாதிரிகளில் ஸ்டீரிங்குக்கு மின்சாரத் துணை வந்தபோது, சாலையின் செய்தி கைக்கு எட்டவில்லை என்று பழைய அன்பர் பலர் குறைகூறினர். வண்டியும் பருத்துவிட்டது. முதல் 3 வரிசையின் நீளம் ஏறக்குறைய 4.36 மீட்டர், 2018-இல் வெளியானதற்கு 4.71 மீட்டர்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். முதற்படி என்னும் பெயரே வியாபாரிகளின் எண்ணத்தைக் காட்டுகின்றது. இளமையில் இப்படியில் ஏறியவர் வருவாய் பெருகப் பெருக 5, 7 என்று மேலே செல்வார் என்பது அவர்கள் கணக்கு. விளம்பர விலையில் வருவது எளிய இயந்திரம். கண்ணைக் கவர்ந்த பல உறுப்புகளுக்குத் தனித்தனியே பணம். பழுதுபார்க்கும் செலவோ பெரிய வண்டியின் முறையிலேயே வரும், முதற்படி என்று தள்ளுபடி இல்லை. முகப்பிலுள்ள முத்திரைக்காக மட்டும் கடன்பட்டு வாங்குவோர் பொருளின் பாதியை வாங்காமலே விலை முழுவதையும் கொடுக்கின்றனர் என்பது நம் கருத்து.

இவ்விஷயம் நமக்கு அயலானதுமன்று. 2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இக்கம்பெனியார் ஒரு தொழிற்சாலை திறந்தனர். அங்கே முதலில் பூட்டப்பெற்றது 3 வரிசையே. ஆனால் நம் நாட்டில் இத்தகைய வண்டியை உடையோர் பலர் முன்னே அமர்வதில்லை. சம்பளத்திற்கு ஒரு டிரைவரை அமர்த்தி, தாம் பின்னாசனத்தில் அமர்ந்து கால் நீட்ட இடம் தேடுகின்றனர். 2021-இல் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை 110 மில்லிமீட்டர் கூட்டி, கிரான் லிமோஸின் என்னும் பெயரோடு நீண்ட 3 வரிசை இந்நாட்டில் வெளியிடப்பட்டது. உடையவர் பின்னே செய்தித்தாள் விரித்திருக்க, பால்கன்ஹௌஸன் தமக்காகச் செய்துகொண்ட இன்பத்தை மாதச் சம்பளத்தோடு சேர்த்து டிரைவர் அனுபவித்துச் செல்கின்றார்.