"மதுரைக்குக் கொண்டு போங்க!"

திண்டுக்கல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலத்தில் அடிக்கடி காதில் விழுந்த வார்த்தை இது. தலையில் அடியா? சிக்கலான பிரசவமா? "மதுரைக்குக் கொண்டு போங்க!" அறுபது கிலோ மீட்டருக்குக் குறையாது. காசு இருந்தால் டாக்சி. இல்லாவிட்டால்? பஸ்தான்!

மதுரையில் 1954-லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்குள்ள பெரியாஸ்பத்திரிதான் (பழைய ஆட்களுக்கு அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி) சுற்றுவட்டாரத்துக்கே கதி. 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது. நோயாளி மட்டும் பழையபடி மதுரை ரோட்டில்தான்!

மதுரை தந்த டாக்டர்

ஆனால் மதுரையிலிருந்து ஒருவர் இந்தப் பக்கம் வந்தார். டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரின் மகள் டாக்டர் சவுந்தரம். அப்பாவின் பஸ்கள் ஊரெல்லாம் ஓட, மகள் 1947-ல் சின்னாளபட்டியில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி அப்படி வளர்ந்ததுதான். 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடி சுகாதாரத் திட்டம் ஆரம்பமானது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஊழியர்களே வீடு தேடிப் போனார்கள். 1964-ல் ஊரக சுகாதார நிறுவனம் வந்தது. மற்ற மாவட்டத்து சுகாதார ஊழியர்களும் இங்கே வந்து பயிற்சி பெற்றுப் போனார்கள். வாங்கிய கடனை வட்டியோடு கொடுத்த மாதிரி!

நாலு மூலை, நாலு ஊர்

பழனிக்காரர் கோவைக்கு ஓடுவார். வேடசந்தூர்க்காரருக்குக் கரூர். வத்தலக்குண்டுக்காரருக்குத் தேனி. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022 ஜனவரி 12-ந் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று.

அதற்காக மதுரைப் பயணம் அடியோடு நின்றுவிடாது. பெரிய ஆபரேஷன்களுக்குப் பெரிய ஊர் வேண்டும். வண்டி கிளம்பும் முன்பே "பெட் இருக்கா? டாக்டர் இருக்காரா?" என்று போனில் கேட்டுவிட வேண்டும். அங்கே போய் ஸ்டிரெச்சரோடு காத்துக் கிடப்பதைவிட அது மேல்.

பஸ் ஏறும் டெங்கு!

டெங்கு கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அபூர்வம். பிறகு ஊர் விட்டு ஊர் காய்ச்சல் எப்படிப் போகிறது? காய்ச்சல்காரர் பஸ் ஏறிப் போகிறார், அய்யா! போன இடத்தில் அங்குள்ள கொசு அவரைக் கடித்து அடுத்தவரைக் கடிக்கிறது. மாநகராட்சி எல்லைப் பலகை அதற்குத் தெரியுமா?

சின்னாளபட்டியில் காய்ச்சல் என்றால் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அன்றைக்கே தகவல் போக வேண்டும். தொட்டியில் மருந்து ஊற்ற ஆள் வர ஒரு வாரம், பத்து நாள் ஆனால், முட்டையாகக் கிடந்தது அதற்குள் கொசுவாகி வெளியே பறந்திருக்கும்.