மாடியில் ஒரு மரப்பாத்தி

சென்னை மந்தைவெளியில் முற்றமும் கிணற்றடியும் கொண்டு விளங்கிய வீடுகள் பல இடிந்து அடுக்ககங்களாகிவிட்டமையால், கீரைக்கும் கொத்தமல்லிக்கும் மொட்டைமாடியே பூமியாயிற்று. 2013-14ஆம் ஆண்டில் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் வழங்கத் தொடங்கிய மாடித்தோட்டத் தளைகள் இந்த ஆர்வத்தைப் பரப்பின என்பது உண்மையே. ஆயினும், அத்தளைகளில் வரும், வெயிலில் நைந்துபோகும் பைகளைக் காட்டிலும், வேர் பக்கவாட்டில் தாராளமாக ஓட இடந்தருவதும், ஒரு பலகை உளுத்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளத் தக்கதுமான மரப்பாத்தியே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சிந்திக்க வேண்டியது பாரம். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் ஓரடி ஆழமுமுள்ள பாத்தியைத் தோட்டமண்ணால் நிரப்பி நீர் விட்டால், எடை ஏறக்குறைய 800 கிலோ. சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்குச் சமீபம். மனிதர் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள சுமையோ ஏறத்தாழ 150 கிலோதான். ஆகவே மாடியில் ஆழத்தை அரையடியாக்கி, தென்னைநார்க் கழிவையும் மட்கிய எருவையும் பெரும்பங்காகக் கலந்து, சுவரோரமாகவே வைக்க வேண்டும். கீரைக்கு அதுவே போதும். தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டமைந்த பழைய மெட்ராஸ் தளமாயின், மாடியை விட்டுத் தரையில் கட்டுவதே விவேகம்.

இடிந்த வீடுகளின் தேக்கு பழைய மரக்கடைகளில் கிடைக்கும். வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் அண்டாது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், வர்ணம் பூசிய மரம் வேண்டாம். பெட்டிமரமாயின் முத்திரையைப் பார்க்க வேண்டும்: எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெதில் புரோமைடு என்னும் நச்சுவாயு ஊட்டியது, விலக்கத்தக்கது.

மரத்தின் சத்துரு ஈரம். பலகையின் முகத்தைவிட வெட்டுமுனையே நீரை மிகுதியாக உறிஞ்சும். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீரை மேலேற்றிய நுண்குழல்கள் அங்கேதான் வாய்திறந்து நிற்கின்றன. ஆதலால் அறுத்தவுடன் முனைகளில் ஆளிவிதை எண்ணெயை ஊறவிட்டு, உலர்ந்த பின்பே மூலைக்கட்டையோடு இணைக்க வேண்டும். கடற்காற்றில் இரும்பாணி விரைவில் துருவேறும். பித்தளைத் திருகாணியே நிலைக்கும். அடிப்பலகைகளுக்கிடையே சிறிது இடைவெளி விட்டு, மேலே தென்னைநார் விரிப்பிட்டு, கீழுள்ள மாடித்தளம் உலரும்படி பாத்தியைச் செங்கற்களின்மேல் ஏற்றி வைத்தால், ஐப்பசி அடைமழையிலும் வேர் அழுகாது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பின்னர் மாடி நீர் பல வீடுகளில் கிணற்றுக்கே செல்வதால், வடிகுழாயின் வாயில் வலை கட்டி, அதில் தங்கும் வண்டலை அவ்வப்போது வழித்துப் பாத்தியிலேயே இட்டுவிட வேண்டும்.