வீட்டு விசேஷத்துக்கு 50 டம்ளர் சர்பத்: சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எங்கிருந்து?

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. வளைகாப்பு வீடு. வெளியே வெயில் கொளுத்துகிறது. வந்த சொந்தக்காரர்கள் ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கிறார்கள். தட்டில் கூல்டிரிங்ஸ் வருகிறது. வாண்டுகள் ஆளுக்கு இரண்டு டம்ளர் எடுக்கிறார்கள். பெரியப்பா மட்டும் கையைக் காட்டி மறுக்கிறார். "எனக்கு சுகர் இருக்குப்பா. தண்ணி மட்டும் குடு, போதும்."

எந்த விசேஷ வீட்டிலும் இப்படி நாலு பேராவது இருப்பார்கள். ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அதனால்தான் இப்போது பல வீடுகளில் "பாட்டில் எல்லாம் வேணாம், நன்னாரியோ பானகமோ நாமளே போட்டுடலாம்" என்ற பேச்சு வருகிறது.

நல்ல யோசனைதான். ஆனால், வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பானம் உடம்புக்கு நல்லதாகிவிடுமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சர்பத்தா, கோலாவா... எதில் சர்க்கரை அதிகம்?

கோலா வகை பானங்களில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10.5 கிராம் சர்க்கரை இருக்கும். 200 மில்லி டம்ளர் என்றால் 21 கிராம்.

இப்போது நன்னாரி. ஒரு கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் நன்னாரித் தண்ணீரில் கரைத்தால் சுமார் 1.6 லிட்டர் சிரப் கிடைக்கும். வழக்கமாக ஒரு டம்ளருக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுவோம். அதில் மட்டும் 19 கிராம் சர்க்கரை. கோலாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

சரி, பானகம்? அதில் வெல்லம்தானே என்று கேட்கலாம். 50 டம்ளருக்கு ஒரு கிலோ வெல்லம் போட்டால், ஆளுக்கு 20 கிராம் வெல்லம் போகிறது. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் வேறு. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேலையில் ஏறக்குறைய ஒன்றுதான். "வெல்லம் போட்டதுதான், சுகர்காரங்களும் தைரியமா குடிக்கலாம்" என்று நீட்டுவது ஆபத்தான உபசரிப்பு.

உணவு, பானங்களில் நாம் சேர்க்கும் சர்க்கரை, ஒரு நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். ஒரு டம்ளர் சர்பத்திலேயே 25-ல் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அடுத்து பந்தியில் பாயசம் காத்திருக்கிறது.

அப்படியென்றால் வீட்டில் செய்வதால் என்ன லாபம்? கரண்டி நம் கையில் இருக்கிறது, அதுதான் லாபம். பாட்டிலில் இருக்கும் சர்க்கரையைக் குறைக்க முடியாது. சர்பத்தில் 30 மில்லிக்குப் பதில் 20 மில்லி சிரப் ஊற்றினால் 12.5 கிராமோடு போயிற்று. எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் இருந்தால் அந்தக் குறை நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

50 டம்ளருக்கு அளவு என்ன?

நன்னாரி சர்பத்: 100 கிராம் நன்னாரி வேரை மண் போகக் கழுவி, லேசாக இடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் கட்டைக் குச்சியை எடுத்துவிடலாம்; வாசனை எல்லாம் மேல்தோலில்தான். ஒரு லிட்டர் கொதிநீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் சிரப் ரெடி. ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை 25 வேண்டும், ஒரு டம்ளருக்கு அரை மூடி. பழத்தை முதல்நாளே பிழிந்து வைத்தால் கசப்பு தட்டும். கலக்கும்போது பிழிவதே நல்லது. சப்ஜா விதை போடுவதென்றால் 15 நிமிடம் ஊறினால் போதும். பாதாம் பிசின் என்றால் முதல்நாள் இரவே ஊறப் போட வேண்டும்.

பானகம்: ஆறரை லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ வெல்லம், நான்கு தேக்கரண்டி சுக்குப்பொடி, 20 ஏலக்காய், ஏழெட்டு எலுமிச்சை. வெல்லத்தைக் கரைத்ததும் வடிகட்டாமல் விட்டால் கடைசி டம்ளரில் மணல் கடிபடும். இதை சிறிய டம்ளரில் கொடுங்கள். 150 மில்லியே தாராளம்.

நீர்மோர்: இரண்டு லிட்டர் கெட்டித் தயிர், ஐந்தரை லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம். உப்பு மூன்று தேக்கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தால் பிபி இருப்பவர்களும் நிம்மதியாகக் குடிப்பார்கள். சேர்த்த சர்க்கரை என்று பார்த்தால் இதில் பூஜ்ஜியம்.

வெயில் நேரத்தில் எல்லோரும் ஒரு டம்ளரோடு நிறுத்த மாட்டார்கள். மூன்றில் எதை ஒன்றரை மடங்கு போடலாம் என்றால், யோசிக்காமல் மோரைப் போடலாம்.

பானம் வீட்டுது... ஐஸ் யார் வீட்டுது?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சிரப்பைப் பார்த்துப் பார்த்துக் காய்ச்சிவிட்டு, கடைசி நிமிடத்தில் கோணிப்பையில் சுற்றிய ஐஸ் பாரை வாங்கி வந்து உடைத்து அண்டாவில் போடுவது.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். டைபாய்டு, வாந்திபேதி, ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை ஆகியவற்றின் கிருமிகள் ஐஸுக்குள்ளும் தாக்குப்பிடிக்கும். ஐஸ் கரைந்ததும் டம்ளருக்கு வந்துவிடும். மீன், மருந்து போன்றவற்றைக் குளிரவைக்கத் தயாராகும் ஐஸ், குடிக்கத் தகுந்த தண்ணீரில்தான் செய்யப்பட்டது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் அறிவுறுத்தியதும் இதற்காகத்தான். அதற்காக, வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

வழி எளிது. தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, சின்ன டிபன் பாக்ஸ்களில் ஊற்றி இரண்டு நாள் முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாகத்தான் கரையும். கடை ஐஸ் வாங்கியே ஆக வேண்டுமா? பெரிய டப்பில் அதைப் போட்டு, நடுவில் பானப் பாத்திரத்தை மூடி இறக்கிவிடுங்கள். கடை ஐஸ் வெளியே, வீட்டு ஐஸ் உள்ளே. இந்த ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தால் போதும்.

தண்ணீருக்கும் இதே கதைதான். கேன் தண்ணீர் என்றால் சீலையும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்துவிடுங்கள்.

பித்தளை அண்டாவில் கலக்கலாமா?

போட்டோவுக்கு அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் எலுமிச்சை, மோர் போன்ற புளிப்பான பானங்கள், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பட்டால் தாமிரம் கரைந்து இறங்கும். குமட்டலும் வயிற்றுவலியும் வரலாம். அலுமினியமும் வேண்டாம். எவர்சில்வர் அண்டாவே போதும். எடுக்க நீளக் கைப்பிடி உள்ள ஒரே கரண்டி. டம்ளரை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது.

பிளாஸ்டிக் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப் இரண்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருப்பவை. எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்தால் அந்தச் செலவும் மிச்சம்.

ரோஸ்மில்க், 'புகை' மாக்டெய்ல்... கவனம்!

குழந்தைகளுக்குப் பிடிக்குமே என்று ரோஸ்மில்க் போடுபவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாலில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம், 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கெடு. பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். மிச்சத்தை இரவு வரை காப்பாற்ற நினைக்காதீர்கள்.

சர்க்கரைக்குப் பதில் தேன் கலப்பவர்கள், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரும் அபாயம் உண்டு.

ரீல்ஸில் பார்க்கும் புகை வரும் மாக்டெய்ல் ஆசையும் வேண்டாம். திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. முழுதாக ஆவியாகும் முன் விழுங்கினால் வாய், உணவுக்குழாய், வயிறு எல்லாம் சேதமாகும். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை 2024-ல் இதைப் பற்றி எச்சரித்தது. மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் உலர் பனிக்கட்டியும் அப்படித்தான்.

எதை எப்போது செய்வது?

* இரண்டு நாள் முன்பு: தண்ணீரைக் கொதிக்கவைத்து ஐஸ் போடவும். நன்னாரி வேரை ஊறவைக்கவும்.
* முதல்நாள் காலை: சிரப் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைக்கவும்.
* முதல்நாள் இரவு: தயிருக்கு உறை ஊற்றவும். பாதாம் பிசினை ஊறவைக்கவும். குடிக்கும் தண்ணீரை மூடிக் குளிரவைக்கவும்.
* விசேஷ நாள், ஒரு மணி நேரம் முன்பு: மோர் கடைந்து, பானகம் கரைக்கவும்.
* ஆட்கள் வரும்போது: எலுமிச்சை பிழிந்து, பத்துப் பத்து டம்ளராக சர்பத் கலக்கவும்.

ஒரு விஷயம் பாக்கி. தட்டு ஒன்றுதான் என்றாலும் பானம் இரண்டு இருக்கட்டும்: இனிப்பு ஒன்று, இனிப்பில்லாதது ஒன்று. எது எது என்று தெரியும்படி டம்ளரை மாற்றி வையுங்கள். அப்போது பெரியப்பா "தண்ணி போதும்" என்று சொல்லும் முன்பே, "இது மோர், சர்க்கரை கிடையாது. எடுத்துக்கோங்க பெரியப்பா" என்று நீட்டலாம்.